இடது கையால் சாப்பிட்டவர்

கிளிநொச்சி நகருக்கு நான் போவதென்றால் வங்கி, ஆஸ்பத்திரி, அரசாங்கக் கந்தோரான கச்சேரி, இந்த மூன்றில் ஒன்றுக்குத்தான். கண்காட்சி பார்க்கப் போகிற ஆள் இல்லை நான். இரணைமடு வாய்க்கால் பாய்கிற கிராமம் எங்களுடையது. விடிய எழும்பி இரண்டு கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்துவிட்டு, மிச்ச நேரத்தில் ஒரு ஏக்கர் வயலையும் பார்க்கிறவளுக்குப் பொழுதுபோக்கு என்று தனியாக ஒன்று தேவையில்லை. பொழுது தன்பாட்டில் போய்விடும். அப்படிப்பட்ட நான் ஒரே கண்காட்சிக்கு மூன்று நாள் தொடர்ந்து போனேன். மூன்று நாளும் வயிறெரிந்தேன்.

முதலில் போனது என் மகள். உயர்தரம் படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றி, கடலில் மீட்கப்பட்ட குடியேறிகள், அகதிகளின் வாழ்க்கையைப் பற்றிய கண்காட்சி என்று கூட்டிக்கொண்டு போனார்கள். பின்னேரம் வந்தவள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினி வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, ஒரு படம் காட்டோணும். பதறாதேங்கோ."

பதறாதே என்று சொன்னால் பதறாத தாய் எந்த ஊரில் இருக்கிறாள்? அடுப்பைக் குறைத்துவிட்டுக் கையைத் துடைத்தேன். கூட்டிப் போன ரீச்சரிடம் சொல்லி ஒரு படத்தைப் போனில் எடுப்பித்து, என் போனுக்கு அனுப்பியிருக்கிறாள். ஒரு பெரிய கப்பலின் தளம். மீட்கப்பட்ட ஆண்கள் வரிசையாகக் கால் மடக்கி இருந்து கோப்பையில் சோறு சாப்பிடுகிறார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும். ஒருவருக்கும் முகம் இல்லை. எல்லா முகங்களும் ஈரத்துணியால் தேய்த்து அழித்தது போல மங்கலாக்கப்பட்டிருந்தன.

"எல்லாரும் வலக்கையால சாப்பிடுகினம். ஐஞ்சாவது ஆளைப் பாருங்கோ" என்றாள்.

பார்த்தேன். ஐந்தாவது ஆள் இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

என் கணவர் இடக்கைக்காரர். எழுதுகிறது, மண்வெட்டி பிடிக்கிறது என்றால் பரவாயில்லை, சோறும் இடது கையால்தான். சின்ன வயதில் அவருடைய அம்மா, என் மாமி, அடித்துப் பார்த்தாவாம், கையில் வேப்பெண்ணெய் பூசிப் பார்த்தாவாம், கதிரையோடு சேர்த்துக் கட்டியும் பார்த்தாவாம். வேப்பெண்ணெயோடு சேர்த்துச் சோற்றைச் சாப்பிட்டாரே தவிரக் கையை மாற்றவில்லை. எங்கள் கலியாண வீட்டில், மாப்பிள்ளையும் பொம்பிளையும் முதன்முதல் ஒன்றாக இருந்து சாப்பிடும்போது, அவர் தன்னை மறந்து எனக்கு ஊட்டக் கொண்டுவந்தது இடது கையை. பந்தி முழுக்க வாயடைத்துப் போயிற்று. மாமி பின்னால் வந்து அவருடைய தோளில் கிள்ளினா. நான் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய? பசி எனக்கு. அதற்குப் பிறகு எந்தச் சபையிலும் கடைசிப் பந்தியில், சுவரைப் பார்த்தபடி ஒரு மூலையில் இருந்துதான் சாப்பிடுவார். மகளும் இடக்கைக்காரிதான். அவளுடைய கையில் ஒருவரையும் நான் தொடவிடவில்லை. அப்பாவின் முகம் அவளுக்கு ஞாபகமில்லை. ஆனால் அப்பாவின் கையைப் பற்றி அவளுக்கு எல்லாம் தெரியும்.

அவர் வெளிநாட்டுக்கென்று படகேறிப் பன்னிரண்டு வருடத்துக்கு மேலாகிறது. சண்டை முடிந்து முகாமிலிருந்து ஊருக்கு வந்த பிறகும் விசாரணை விசாரணை என்று வந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் திரும்பி வரும்போது ஒரு சுற்று மெலிந்து வருவார். கடைசியில் ஒருநாள், எந்த ஊரில் இருந்து என்று சொல்லாமல், போன் எடுத்தார். "ஏறப்போறன். அங்க போய்ச் சேந்து எடுக்கிறன். பிள்ளை நித்திரையோ?" என்று கேட்டார். நித்திரைதான் என்றேன். எழுப்பவா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அந்தப் படகைப் பற்றி இன்றுவரை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. போய்ச் சேர்ந்தது என்றும் இல்லை, மூழ்கியது என்றும் இல்லை. நான் போகாத கந்தோர் இல்லை, நிரப்பாத படிவம் இல்லை. மாமி இரண்டு வருடத்துக்கு முன்பு கண்ணை மூடினா. "அடிச்ச கையைப் பிடிச்சு ஒருக்கா மன்னிப்புக் கேக்கோணும்" என்று சொல்லிச் சொல்லியே போனா.

அடுத்த நாள் காலையில் இடியப்பத்தைக் கடைகளுக்குக் கொடுத்துவிட்டு எட்டு மணி பஸ் பிடித்தேன். நல்ல சேலை உடுத்தினேன். ஏன் உடுத்தினேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

மண்டபத்துக்குள் நுழைந்தவுடன் ஒரு பெரிய பலகை. மக்கள் எதற்காக இடம் மாறுகிறார்கள் என்று விளக்கம். குடிபெயர்ந்தோர், இடம்பெயர்ந்தோர், அகதிகள் என்று மூன்று பெட்டி கீறி, நடுவில் அம்புக்குறி எல்லாம் போட்டிருந்தார்கள். எங்கள் அப்பா தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கலவரத்தில் அடிவாங்கி, வன்னிக்கு வந்து காடு வெட்டி வயலாக்கினவர். நான் இங்கே பிறந்து, இங்கேயே ஒன்பது இடத்தில் தறப்பாள் கூடாரம் கட்டி இருந்தவள். கட்டினது யாழ்ப்பாணத்திலிருந்து குடியேறி வந்த குடும்பத்து மகனை, அவர் கடலில். எங்கள் ஒரு வீட்டு ஆட்களைப் போடவே அந்த மூன்று பெட்டியும் காணாது.

உள்ளே போகப் போக எரிச்சல் கூடியது. புத்தம்புதுச் செம்மஞ்சள் உயிர்காப்பு அங்கிகளை வரிசையாகக் கொழுவி வைத்திருந்தார்கள். பலகையால் ஒரு பாதிப் படகு செய்து, அதற்குள் பிள்ளைகளை இருத்தி, அலைச் சத்தம் போட்டுக் காட்டினார்கள். பிள்ளைகள் கூச்சல் போட்டுச் சிரித்தார்கள், பிள்ளைகளில் என்ன பிழை? ஒரு ரீச்சர் அதில் இருந்து படம் எடுத்துக்கொண்டா. சுவர் முழுக்க 'மீட்கப்பட்டவர்கள்', 'மீட்கப்பட்டவர்கள்' என்றே எழுதியிருந்தது. மீட்கப்படாதவர்களுக்கு ஒரு மூலைகூட இல்லை. அவர்களுக்குப் படமில்லைத்தானே, எதை வைப்பார்கள்?

அந்தப் படம் கடைசிச் சுவரில் இருந்தது. ஆளுயரம். போனில் பார்த்ததைவிட எவ்வளவோ பெரிது, ஆனால் முகம் மட்டும் பெரிதாக மங்கலாகியிருந்தது. 'சரக்குக் கப்பலொன்றினால் மீட்கப்பட்டவர்கள் உணவருந்துகின்றனர்' என்று கீழே ஒரு வரி. எந்த வருடம், எந்தக் கடல், எந்த ஊர் ஆட்கள், ஒன்றும் இல்லை. ஐந்தாவது ஆளுக்கு முன்னால் நின்றேன். கழுத்து அவருடையதுதான் போல இருந்தது. முழங்காலும் அவருடையதுதான் போல இருந்தது. வலது கை, குனிந்து சாப்பிடுகிற பக்கத்து ஆளின் முகத்து மங்கலுக்குள் மறைந்துவிட்டது. இடது கையின் விரல்களைக் குவித்துப் பிடித்திருந்தார். சோற்றை உருட்டாமல் அள்ளுகிற பிடி. கையை நீட்டி அந்த விரலைத் தொட்டுவிட்டேன்.

"அக்கா, தொடாதேங்கோ" என்று கண்காட்சி ரீசேட் போட்ட ஒரு பெண் ஓடிவந்தாள்.

"தங்கச்சி, இந்த முகத்தை மறைச்சிருக்கிறதை எடுத்துப்போட்டுக் காட்டேலாதோ?"

"ஐயோ, அது எடுக்கேலாது அக்கா. அப்பிடித்தான் அச்சடிச்சிருக்கு. அவையின்ர பாதுகாப்புக்காக."

"இவர் என்ர மனுசன்."

அவள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கையைப் பற்றிச் சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு சின்னக் காரணமாகக் கேட்கிறது என்று எனக்கு விளங்கியது. அவள் பாவம், நல்ல பிள்ளை. என்னை வாசலடி மேசைக்குக் கூட்டிப்போய் ஒரு தடித்த கொப்பியை விரித்து வைத்தாள். பார்வையாளர்கள் கருத்து எழுதுகிற கொப்பி. "இதில எழுதி விடுங்கோ அக்கா. பெரியாக்கள் பாப்பினம்."

எனக்கு மேலே எழுதியவர்கள் 'மிகவும் பயனுள்ளது', 'கண்கலங்க வைத்தது', 'இன்னும் படங்கள் வைக்கலாம்' என்று எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே நான் எழுதினேன்: 'கடைசிச் சுவரில் ஐந்தாவதாக இருப்பவர் என் கணவர். முகத்தைக் காட்டவும்.' போன் நம்பரும் போட்டேன். எனக்குப் பிறகு ஒரு பிள்ளை வந்து, நான் எழுதியதை வாசிக்காமலே, 'சூப்பர்' என்று எழுதிவிட்டுப் போனது.

அந்தப் படத்துக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் கதிரையில் ஒரு அம்மா இருந்தா. அறுபது வயது இருக்கும். மடியில் ஒரு கடைப்பை. அசையாமல் இருந்தபடியால், அவாவையும் கண்காட்சிக்காரர்தான் கொண்டுவந்து இருத்தியிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். அவர்கள் செய்யக்கூடியவர்கள்.

இரண்டாம் நாளும் போனேன். பொறுப்பான இணைப்பாளர் பூநகரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாவாம், பின்னேரம் வருவாவாம். பின்னேரம் வரைக்கும் இருந்தேன். வரவில்லை. பூநகரியில் இருந்து வாகனத்தோடு வருகிறவருக்கே இவ்வளவு தாமதம் என்றால், பஸ்ஸை நம்பி இருக்கிற சனம் என்ன செய்யும் என்று எனக்குள்ளேயே புறுபுறுத்துக்கொண்டிருந்தேன். வயலுக்குப் பசளை போட வேண்டிய நாள் அது. தண்ணீர் கட்டி நின்றது. கூலிக்கு வரச் சொன்னவர் மூன்று தரம் போன் எடுத்துவிட்டார்.

எதிர்க் கதிரை அம்மா அன்றைக்கும் இருந்தா. மத்தியானம் பையைத் திறந்து பாணும் வாழைப்பழமும் எடுத்து எனக்கும் பாதி தந்தா. நாயாற்றுப் பக்கம் வீடு, விடியக்காலை வெளிக்கிட்டு இரண்டு பஸ் மாறி வருகிறேன் என்றா. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டா: "பிள்ளை, நீங்கள் இதில ஆரைப் பாக்கிறியள்?"

"சும்மா பாக்கிறன் அம்மா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சொன்னால் அவாவும் சொல்லுவா. அவாவும் ஒரு ஆளைக் காட்டிவிடுவா. அந்த ஆள் ஐந்தாவது ஆளாக இருந்துவிட்டால்? பாணை வாங்கித் தின்றுவிட்டு அவாவிடம் பொய் சொன்னேன். என்னைப் பற்றி எனக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் உண்மையைச் சொல்லவில்லை. அவா தலையாட்டிவிட்டுத் திரும்பவும் படத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தா.

வீட்டுக்கு வந்தால் மகள் வாசலிலேயே நிற்கிறாள். "என்னவாம்?" என்று கேட்பாள். "நாளைக்காம்" என்பேன். கச்சேரிக்கும் காவல் நிலையத்துக்கும் போய்வந்த வருடங்களில் மாமிக்கு நான் சொன்ன அதே பதில். அப்போது கந்தோரில் இருந்தவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு 'நாளைக்கு' என்றார்கள். இப்போது சிரித்துக்கொண்டு, தேத்தண்ணியும் தந்து, 'நாளைக்கு' என்கிறார்கள். அவ்வளவுதான் முன்னேற்றம்.

மூன்றாம் நாள் கடைசி நாள். நான் போக, பொடியன்மார் அங்கிகளைக் கழற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பாதிப் படகு லொறியில் ஏறிவிட்டது. மத்தியானத்தோடு முடிகிறதாம், பிந்தி அறிவித்தார்களாம். நான் நேரே கடைசிச் சுவருக்கு ஓடினேன். இரண்டு பேர் அந்தப் படத்தின் ஆணியைக் கழற்ற ஏணி வைத்துவிட்டார்கள். நான் படத்துக்கும் ஏணிக்கும் நடுவில் போய் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா, கொஞ்சம் விலகுங்கோ."

"விலகமாட்டன். இதைக் கழட்டிறதெண்டால் என்னையும் சேத்துக் கழட்டி லொறியில ஏத்துங்கோ."

சத்தம் போட்டுவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பன்னிரண்டு வருடமாக ஒரு கந்தோரிலும் நான் குரல் உயர்த்தினவள் இல்லை. உயர்த்தினால் கோவையை, எங்கள் பைலை, அடியில் போட்டுவிடுவார்கள் என்ற பயம். இங்கே எனக்கு என்ன கோவை இருக்கிறது? அப்படியொரு தைரியம்.

அதற்குப் பிறகுதான் இணைப்பாளர் வந்தா. முப்பது வயது மதிக்கலாம், வவுனியாப் பிள்ளை. கையில் நான் எழுதின கருத்துக் கொப்பி. பொறுமையாகத்தான் கதைத்தா, அந்தப் பொறுமைதான் எனக்குக் கோபத்தை இன்னும் ஏற்றியது.

"அக்கா, இந்தப் படத்தில இருக்கிறவைக்கு ஆபத்து வரக்கூடாதெண்டுதான் முகத்தை மறைக்கிறம். அவையின்ர அனுமதி இல்லாமல் காட்டேலாது. எங்கட விதி அது."

"ஆரிட்டையிருந்து பாதுகாக்கிறியள் தங்கச்சி? பெண்சாதியிட்டை இருந்தோ?"

அவா கொப்பியை விரித்து நான் எழுதின வரியைத் திரும்பவும் வாசித்தா. திட்ட எனக்கு மனம் வரவில்லை. "ஆர் அனுமதி தாறது? அவரே? அவர் எங்க இருக்கிறாரெண்டு தெரிஞ்சால் நான் ஏன் உங்களிட்டை வந்து நிக்கிறன்?" என்று மட்டும் கேட்டேன்.

அவா வெளியே போய்க் கொழும்புக்குப் போன் எடுத்தா. அரை மணித்தியாலம் மரத்தடியில் நடந்து நடந்து கதைத்தா. ஆங்கிலமும் சிங்களமும். எனக்கு விளங்கியது 'வைஃப்' என்ற ஒரு சொல். நான் படத்தோடு ஒட்டிக்கொண்டே நின்றேன். ஏணிக்காரர்கள் எனக்கு ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுவந்து தந்துவிட்டு, ஏணியிலேயே இருந்து காத்துக்கொண்டிருந்தார்கள்.

கொழும்பு சம்மதித்தது. ஆனால் ஒரு படிவம். வாழ்க்கையில் கடைசியாக எனக்கு ஒரு கதவு திறந்தாலும் அதன் பின்னால் ஒரு படிவம்தான் இருக்கும். மூலப் படத்தைத் திரையில் மட்டும் பார்ப்பேன், போனில் எடுக்கமாட்டேன், பார்த்த முகத்தைப் பற்றி எவருக்கும் சொல்லமாட்டேன் என்று எழுதி, கையெழுத்து வைக்க வேண்டும்.

"மகளுக்கும் சொல்லக்கூடாதோ?"

"உங்கட ஆளெண்டால் சொல்லலாம்தானே அக்கா."

"இல்லையெண்டால்?"

அவா படிவத்தை என் பக்கம் தள்ளினா. கையெழுத்து வைத்தேன்.

மண்டபத்துக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அறைக்குக் கூட்டிப்போய், கதவைச் சாத்திவிட்டு, மடிக்கணினியைத் திறந்தா. படம் வர ஒரு நிமிடம் எடுத்தது. அந்த ஒரு நிமிடத்தில் நான் வற்றாப்பளை அம்மனுக்கு நேர்ந்ததை எல்லாம் இங்கே எழுதினால், நிறைவேற்ற இன்னொரு பிறவி வேண்டும்.

முதலில் கையைத்தான் பார்த்தேன். மூலப் படத்தில் மங்கல் இல்லை. இதில் அவருடைய வலது கை தெரிந்தது. விரலிலிருந்து முழங்கை மட்டும் துணியால் சுற்றிக் கட்டியிருந்தது. துணியில் கறை. வலது கை காயப்பட்டபடியால் இடது கையால் சாப்பிடுகிறார். அவ்வளவுதான் விசயம். முகத்தைப் பார்க்க முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

முகத்தையும் பார்த்தேன். சின்ன வயது. ஒட்டின புருவம். நீண்ட முகம், வெயிலில் வெடித்த உதடு. எந்தத் தேசத்தவனோ, எந்தப் பாசை பேசுகிறவனோ. சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். மற்ற முகங்களையும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னேன். காட்டினா. அவர் இல்லை. ஒன்றிலும் அவர் இல்லை.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. அந்தப் பெடியன் மீது கோபம் வந்தது, நீ ஏன் உயிரோடு இருக்கிறாய் என்று. பசியோடு காயக்கையை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிற ஒரு பிள்ளையைப் பார்த்து அப்படி நினைத்தேன். நினைத்ததை மறைத்து என்ன பலன்?

"அவரோ அக்கா?"

"இல்லை." பிறகு கேட்டேன்: "இந்தப் பிள்ளை உயிரோட இருக்கிறது இவன்ர வீட்டாக்களுக்குத் தெரியுமோ?"

"அது எங்களுக்குத் தெரியாது அக்கா."

வெளியே வந்தால் கதவடியில் அந்த அம்மா நிற்கிறா. கடைப்பையை நெஞ்சோடு பிடித்தபடி. நான் போட்ட சத்தத்தில் ஊருக்கே தெரிந்துவிட்டதே, இனி 'சும்மா பாக்கிறன்' எங்கே எடுபடும்?

"முகத்தைக் காட்டினவையோ பிள்ளை?"

"ஓம்."

"அந்த ஐஞ்சாவது ஆளின்ர முகம்?"

நான் பயந்தது நடந்துவிட்டது. அவாவுக்கும் ஐந்தாவது ஆள்தான்.

"அவன் இடக்கையால சாப்பிடுறான் எல்லோ அம்மா, உங்கட பிள்ளையும் இடக்கையோ?" என்று கேட்டேன்.

"இல்லைப் பிள்ளை, வலக்கைதான். பசியில ஆர் எந்தக் கையெண்டு பாக்கிறது? அந்தக் கழுத்து என்ர பிள்ளையின்ர கழுத்து. நான் எண்ணெய் வைச்சு முழுக வாத்த கழுத்து." பிறகு குரலைத் தாழ்த்தினா. "உங்கட மனுசனோ அது?"

"இல்லை அம்மா. என்ர மனுசன் இல்லை."

அவாவின் முகம் வெளிச்சமாகிவிட்டது. நான் பொய் சொல்லவில்லை, அப்படியே வெளிச்சமாகிவிட்டது. "அப்ப அது என்ர பிள்ளைதான்!" என்றா. சொன்ன வேகத்திலேயே வாயைப் பொத்திக்கொண்டு என் கையைப் பிடித்தா. "குறை நினையாதேங்கோ பிள்ளை. உங்களுக்கு இப்பிடியாப் போச்சு, நான் நிண்டு சந்தோசப்படுறன். குறை நினையாதேங்கோ."

பைக்குள் இருந்து ஒரு படத்தை எடுத்தா. அடையாள அட்டைக்கு எடுத்த படம், பிளாஸ்டிக் உறை போட்டது. வட்ட முகம். சின்னக் கண். புருவங்களுக்கு நடுவே ஒரு விரல் வைக்கலாம், அவ்வளவு இடைவெளி. உதட்டுக்குக் கீழே நாடியில் ஒரு மச்சம்.

நான் பார்த்த முகம் அது இல்லை. மற்ற முகங்களிலும் அது இல்லை.

மூன்று நாளாக அந்த மங்கலைத் திட்டித் தீர்த்தவள் நான். முகத்தைக் காட்டு, காட்டு என்று நின்றவள். இப்போது முகம் என்னிடம் இருக்கிறது, கேட்டுக்கொண்டு நிற்கிறவா எனக்கு முன்னால் நிற்கிறா. ஒரு சொல் போதும். சொல்ல முடியவில்லை. அந்த மங்கல் இருந்தபடியால்தானே மூன்று நாள் எனக்கும் ஒரு கணவர் இருந்தார்.

பேசாமல் பஸ் ஏறியிருக்கலாம். லொறி போய்விடும், படம் போய்விடும், அவா சாகும் மட்டும் ஐந்தாவது ஆள் அவாவுடைய பிள்ளையாக இருப்பான். மாமி காத்திருந்த மாதிரி இவாவும் காத்திருப்பா. ஒவ்வொரு கண்காட்சிக்கும் இரண்டு பஸ் மாறிப் போய்ப் பிளாஸ்டிக் கதிரையில் இருப்பா. அதை நினைக்க எனக்குப் பொறுக்கவில்லை. அவாவின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்ப அந்த அறைக்குள் போனேன்.

"தங்கச்சி, இந்த அம்மாவுக்கும் காட்டுங்கோ."

மடிக்கணினியைப் பைக்குள் வைக்கப்போன இணைப்பாளரின் கை அப்படியே நின்றது. மேசையில் அந்த அம்மா வைத்த படத்தைப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா. அவாவுக்கும் விளங்கிவிட்டது.

"அக்கா... நீங்கள் எல்லா முகமும் பாத்தனீங்கள்தானே. இவவுக்கு நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு எழுதிக் கையெழுத்து வைச்சனான். உங்கட விதி அது. நீங்களே காட்டுங்கோ."

சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. இத்தனை வருடமாக எனக்குப் பதில் சொன்ன கந்தோர்க்காரரின் குரல் அது. அந்தப் பிள்ளை கொழும்புக்குப் போன் எடுக்கவில்லை. இன்னொரு படிவத்தை எடுத்து வைத்தா. அம்மா பேனையை வாங்கி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாக இருத்தி எழுதித் தன் பெயரை முடித்தா.

இணைப்பாளர் மடிக்கணினியை மறுபடி திறந்தா. படம் வர அந்த ஒரு நிமிடம். என் பைக்குள் போன் அடித்தது. மகள். இடைவேளைக்கு ரீச்சரின் போனில் இருந்து எடுக்கிறாள், என்னவாம் என்று கேட்கத்தான். நான் எடுக்கவில்லை.

அம்மா பைக்குள் இருந்து கண்ணாடியை எடுத்துத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டா. பிறகு சேலையை இழுத்துத் தோளில் சரிசெய்தா. கலைந்திருந்த நரைமயிரை இரண்டு கையாலும் தடவிக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினா.

"இவ்வளவு நாளைக்குப் பிறகு பாக்கிறான். பரதேசி மாதிரி நிக்கக்கூடாதெல்லே" என்று என்னைப் பார்த்துச் சிரித்தா.

நான் அவாவின் கையைத் திரும்பவும் பிடித்துக்கொண்டு நின்றேன்.